முட்டைக்கு நாலாவது டர்ன்

நாடாளுமன்றத்தில் என்றைக்கு என்ன கேள்வி வரும் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கும் பட்டியலைப் படித்துவிட்டு நீங்கள் எப்போதாவது கட்டில் மேல் ஏறிக் குதித்திருக்கிறீர்களா?

நான் குதித்திருக்கிறேன். சேலத்தில் என் வாடகை ரூமில், தலையில் எண்ணெய் வைத்த கோலத்தில். கட்டில் பலகை ஒன்று விரிசல் விட்டது. கீழ் வீட்டுக்காரர் பாதிப் படி வரைக்கும் ஏறி வந்து, சிலிண்டர் எதுவும் சாய்ந்துவிட்டதா என்று கேட்டார். இல்லைங்க, முட்டை வந்துருச்சு என்றேன். அவர் சுத்த சைவம். வந்த வேகத்தில் இறங்கிப் போய்விட்டார்.

முட்டை எப்படி நாடாளுமன்றத்துக்குப் போனது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எதுவும் புரியாது.

என் அத்தை, அப்பாவோடு பிறந்தவர், வெண்ணந்தூர் தாண்டி முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அத்தையும் மாமாவும் சேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நியாயம். ஆனால் ஊருக்குள் யாரைக் கேட்டாலும் 'அந்தம்மா பண்ணையா' என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். மாமாவுக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் வருத்தமெல்லாம் தீவன விலை மேல், தன் முதுகு மேல், விடிந்ததும் போனில் வந்து விழும் முட்டை விலை மேல். ஷெட்டில் இருந்த கோழிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அதுகள் போனதும் புதுக் குஞ்சு இறக்க வேண்டும், இல்லையென்றால் பண்ணையை மூட வேண்டும். மூடிவிடலாம் என்பது மாமாவின் கட்சி. அவருடைய தம்பி, நான் சின்ன மாமா என்று கூப்பிடுகிறவர், நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார். ஏசி ரூமில் உட்கார்ந்து போன் பேசுகிற வேலைதான், நீயும் வந்து சேர்ந்துகொள் அண்ணா என்று வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தார். பரமத்திப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்காரர் ஷெட், கோழி அடைக்கிற கேஜ், நிலம் எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். எல்லாரும் தயார். அத்தையைத் தவிர.

அத்தை அழுகிற ரகமில்லை. சண்டை போடுகிற ரகமும் இல்லை. கேள்வி கேட்கிற ரகம். டாக்டரிடம் கேட்பார், கரண்டுக்காரரிடம் கேட்பார், டிவியில் சமையல் செய்கிற பெண்ணிடம்கூடக் கேட்பார், அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது என்று தெரிந்தே. அப்படிப்பட்டவருக்கு, திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் எங்கள் தொகுதி எம்.பி. உட்கார நேர்ந்தால் என்ன ஆகும்?

சாம்பாரில் ஆரம்பித்து மோர் வரைக்கும் அத்தை விடவில்லை. எங்கள் முட்டை நாட்டின் அந்தக் கோடி வரைக்கும் லாரியில் போகிறது. நாள் கணக்காக வெயிலில் குலுங்கிக்கொண்டே போகிறது. குளிரூட்டிய பெட்டி வைத்து ரயிலில் அனுப்பினால் அதில் பாதி நாளிலேயே போய்ச் சேரும், உடைசலும் குறையும். அத்தை கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் இந்த ஒரு வரிதான் எங்கள் குடும்பத்தையே ஆட்டி வைத்தது.

"பாலுக்கு ரயில் ஓடுதுங்க, காருக்கு ரயில் ஓடுதுங்க. முட்டைக்கு ஏனுங்க ஓடக் கூடாது?"

எம்.பி. பாவம், அவர் பாயசத்தை இன்னும் தொடவில்லை. சபையில் கேட்கிறேன் தாயே என்றார். அவர் கேட்பேன் என்று சொன்னது பாயசத்துக்காகத்தான் என்று மாமா இன்றைக்கும் சொல்வார். கை கழுவுகிற இடத்தில் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். மாமா துண்டில் கை துடைத்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உன்ற கேள்விய அந்தச் சபையில ஒருத்தரு எந்திரிச்சு நின்னு வாயத் தொறந்து கேட்டுட்டா, நான் பண்ணைய விக்கலெ. புதுக் குஞ்சு எறக்கறேன். போதுமா?"

"போதுமுங்க" என்றார் அத்தை. சிரிக்கவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து வைத்துக்கொண்டார். சாட்சி.

இந்த இடத்தில்தான் நான் கதைக்குள் நுழைகிறேன், காலர் இருந்திருந்தால் தூக்கி விட்டுக்கொண்டிருப்பேன். நான் படித்தது அரசியல் அறிவியல். எங்கள் சொந்தத்தில் அந்தப் படிப்பைப் படித்த முதல் ஆள், கடைசி ஆளும் நானாகத்தான் இருப்பேன். போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர்கள், லாரி வைத்திருப்பவர்கள், கோழி வைத்திருப்பவர்கள் நடுவில் அரசியல் அறிவியல் என்றால், ஓ, கட்சியில் சேரப் போகிறாயா என்பார்கள். மூன்று வருஷம் அதே ஜோக். அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் அத்தை போன் செய்து, அம்மிணி, சபையில் ஒரு கேள்வி வர என்னென்ன நடக்கணும், முதலிலிருந்து சொல்லு என்றார். என் பட்டத்தை ஒரு மனுஷி மதித்துக் கேட்ட முதல் போன் அது. நான் பேசினேன் பாருங்கள், சார்ஜ் தீர்கிற வரைக்கும் பேசினேன்.

கேள்வி நேரம் காலை பதினொன்றுக்கு. நட்சத்திரக் குறி போட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறி இல்லாதது என்றால் எழுத்தில் பதில், யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. எம்.பி.க்கள் அனுப்புகிற கேள்விகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஒரு நாளைக்கு இருபது குறி போட்ட கேள்விகள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபதும் முடிவது அபூர்வத்திலும் அபூர்வம். நாலைந்து ஓடினாலே பெரிது. அதனால் குலுக்கலில் வந்தால் போதாது, முன்னால் வர வேண்டும்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி, எம்.பி. ஆபீஸ் நம்பர் எடு என்றார். எடுத்தேன். அங்கே உதவியாளர் ஒரு அண்ணன். அத்தை ஓயாமல் போன் போட்டதில் அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி ஆகிவிட்டார். அவருடைய மகளுக்குக் காய்ச்சல் வந்ததுகூட எங்களுக்குத் தெரியும். ஒருநாள் அவரே கூப்பிட்டு, கேள்வியை அனுப்பிவிட்டோம் என்றார். அப்புறம் சில வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் இணையத்தில் வரப்போகிற புதன்கிழமைக்கான கேள்விப் பட்டியல் ஏறியது. நாலாவது கேள்வி. முட்டைகளை ரயிலில் குளிரூட்டிய பெட்டிகளில் அனுப்புவது குறித்து. நட்சத்திரக் குறியோடு. கட்டிலுக்கு என்ன ஆனது என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் முழு அலுவல் பட்டியலும் வந்துவிட்டது. அதையும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போனேன். அத்தை கையை அலம்பிவிட்டு வந்து வாங்கினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கல்யாணப் பத்திரிகை மாதிரி சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, படி சாமி என்று என்னிடமே கொடுத்தார். படித்தேன். முதலில் கேள்விகள். அடுத்தது மேசையில் வைக்கப்படும் ஆவணங்கள். அந்த அமைச்சர் இந்த அறிக்கையை மேசையில் வைப்பார், இந்த அமைச்சர் அந்த ஆண்டறிக்கையை மேசையில் வைப்பார், இன்னொருவர் ஏன் தாமதமானது என்று ஒரு விளக்கத்தை மேசையில் வைப்பார். பக்கம் பக்கமாக மேசை.

"அந்த மேசை எத்தன பெருசு அம்மிணி?" என்றார் அத்தை.

நான் படித்த மூன்று வருஷத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம்.

மேசைக்குப் பின்னால் குழு அறிக்கைகள், அதற்குப் பின்னால் உறுப்பினர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைச் சொல்கிற நேரம், மதியத்துக்கு மேல் ஒரு மசோதா. கப்பலில் சரக்கு அனுப்புவது பற்றிய மசோதா. கப்பல் நமக்கு எதற்கு என்று அத்தை தாளை மடித்து வைத்துவிட்டார்.

மாமாவும் சும்மா இருக்கவில்லை. குலதெய்வக் கோயிலில் போய்ப் பூ கேட்டிருக்கிறார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள், வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம். பண்ணையை விற்கலாமா என்று கேட்டார், வெள்ளை வந்தது. அத்தை ஊர் மாரியம்மனிடம் போய், கேள்வி வருமா என்று கேட்டார், அங்கேயும் வெள்ளை. இரண்டு பேரும் சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார்கள். சாமிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி.

புதன்கிழமை காலையில் பண்ணையைப் பார்க்க வேண்டுமே. முட்டை அடுக்குகிற ரூமில் ட்ரேக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வீட்டு டிவியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு கூடை வந்தது. யாரோ ஒரு சித்தி பட்டுப்புடவையில் வந்திருந்தார். வேறு கல்யாணத்துக்குப் போகிற வழியாம், இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். சின்ன மாமா முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கேள்விக்குக் கால் மணி நேரம், அப்படியானால் நாலாவது கேள்வி பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது வந்துவிடும், அதற்குள் காப்பி ஒரு சுற்று வரலாம். மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர மாட்டார், வெளியேயும் போக மாட்டார்.

பதினொன்று அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள், டிவிக்குள்ளும் எழுந்து நின்றார்கள். சபாநாயகர் உட்கார்ந்தார். முதல் கேள்வி என்று ஒரு பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெயருக்குரியவர் எழுவதற்குள் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு பக்கம் அட்டைகள், இன்னொரு பக்கம் கோஷம். என்ன விவகாரம் என்று கடைசி வரைக்கும் எங்களுக்குக் கேட்கவே இல்லை. கொஞ்ச பேர் நடுவில் இறங்கி வந்தார்கள். சபாநாயகர் உட்காருங்கள் என்றார், திரும்பவும் உட்காருங்கள் என்றார், பன்னிரண்டு மணி வரைக்கும் ஒத்திவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். டிவியில் காலி நாற்காலிகள். எங்கள் காப்பியே இன்னும் கொதிக்கவில்லை.

நான் உண்மையைச் சொன்னேன். கேள்வி நேரம் போனது போனதுதான், பன்னிரண்டுக்குக் கூடினால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள் என்று சொன்னேன். ஒரு ஆள்கூட நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் சின்ன மாமா. அவர் தொழிலில் டர்ன் என்பது சாமி மாதிரி. எந்த லாரி முதலில் வந்து பதிந்ததோ அதற்கு முதல் லோடு. நடுவில் ஸ்ட்ரைக் வரட்டும், மழை வரட்டும், யாராவது செத்துக் கடை அடைக்கட்டும், திறந்ததும் விட்ட டர்னிலிருந்துதான் லோடு கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கே ஆபீஸ் கண்ணாடி உடையும்.

"படிச்ச புள்ள நீ சொல்றது புஸ்தகத்துல சரி. ஆனா டர்ன் எப்பிடி அம்மிணி போவும்? நாலாவது வண்டி நாலாவதுதான். அவிய வந்து மொதோ வண்டியில இருந்து ஆரம்பிப்பாங்க பாரு."

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். லாரி ஓட்டியவர்கள், லாரியில் முட்டை ஏற்றியவர்கள், எல்லாருக்கும் டர்ன் தெரியும். நாட்டின் பெரிய சபை, அங்கே டர்ன் தவறுமா? எனக்கே ஒரு கணம், ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று தோன்றியது. அவ்வளவு நம்பிக்கையோடு அந்த ரூம் உட்கார்ந்திருந்தது. இன்னொரு கூடை முறுக்கு திறந்தார்கள். பட்டுப்புடவைச் சித்தி கல்யாணத்துக்குப் போன் செய்து, தாலி கட்டியாச்சா, சரி சரி, நாங்க சாப்பாட்டுக்கு வாரோம் என்றார்.

பன்னிரண்டுக்குச் சபை கூடியது. எல்லாரும் முன்னால் நகர்ந்தார்கள். ஒரு அமைச்சர் எழுந்தார். ஆவணத்தை மேசையில் வைக்கிறேன் என்றார். உட்கார்ந்தார். இன்னொருவர் எழுந்தார். மேசையில் வைக்கிறேன். இன்னொருவர். மேசை. சின்ன மாமா, இதெல்லாம் முடிச்சுட்டு வருவாங்க என்றார். இன்னும் ஒருவர் எழுந்து மேசையில் வைத்ததும், அவர் குரல் கொஞ்சம் இறங்கி, வருவாங்களா அம்மிணி என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சபைக்குப் போய்க் கண்ணாடியை உடைத்துவிட்டு வரலாமா என்று யோசிக்கிற முகம். அண்ணனைக் கூட்டுக்கு இழுத்தது அவர்தான். இந்தக் கேள்வி வராமல் போனால் லாபம் அவருக்குத்தான். அதெல்லாம் மறந்துபோய், டர்ன் தவறிய கோபத்தில் முறுக்கைக் கடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்.

கேட்கப்படாத கேள்விகளுக்கும் பதில் எழுத்தில் வந்துவிடும். வந்தது. மாமா என்னைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லச் சொன்னார். தற்போது அப்படி ஒரு திட்டம் எதுவும் பரிசீலனையில் இல்லை. அவ்வளவுதான் சாரம், மற்றதெல்லாம் அதற்குப் போட்ட சட்டை. மாமா ஒன்றும் ஆடவில்லை, பாடவில்லை. வெற்றி பெற்றவர் மாதிரிகூட இல்லை. மெதுவாக வேப்பமரத்தடிக்குப் போய்ப் பரமத்திக்காரருக்குப் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அத்தை காதில் விழுந்தது. டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டை பொறுக்கப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் செருப்பைத் தேடினார்கள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ரோஷம். மஞ்சள் தடவிய தாளை மறுபடியும் எடுத்து விரித்தேன். கேள்வி போச்சு. ஊர்ப் பிரச்சினை சொல்கிற நேரமாவது இருக்கிறதா என்றால், அன்றைக்கு அதையும் எழுத்தில் கொடுத்தால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று அறிவித்துவிட்டார்களாம். மறுபடி அதே மேசை. மிச்சம் இருந்தது கப்பல் மசோதா மட்டும். உதவியாளர் அண்ணனைக் கூப்பிட்டேன். சார் இன்றைக்கு ஏதாவது பேசுகிறாரா என்றேன். கப்பல் மசோதாவில் கட்சிக்குக் கொடுத்த நேரத்தில் மூன்று நிமிஷம் பேசுவார் என்றார். பந்தயத்தை அவரிடம் அது வரைக்கும் யாரும் சொல்லவில்லை. நான் மூச்சு விடாமல் சொன்னேன். கை கழுவுகிற இடம், மாமா, குஞ்சு, பரமத்திக்காரர் வந்துகொண்டிருக்கிறார், எல்லாம்.

"அம்மா, அது கப்பலும்மா" என்றார் அவர், அழாத குறையாக.

"அண்ணா, முட்டை கப்பல்லயும் போவுதுங்க."

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வெயில் சாய ஆரம்பித்தபோது பரமத்திக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு, யாரையும் புண்படுத்தாத மனிதர். எனக்கு அவரைப் பிடிக்காமல் இருக்க எவ்வளவோ முயற்சி செய்தேன், முடியவில்லை. மாமா அவரை ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கேஜ் வரிசை, நடுவில் நடைபாதை. அந்தக் கோடியில் அத்தை ட்ரேயில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னார், மரியாதைக்கு. திரும்பிப் பார்க்கவில்லை. நான் அத்தைக்குப் பக்கத்தில் போனைத் தீவனத் தொட்டி மேல் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்திருந்தேன். யாரோ துறைமுகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சபையில் பாதி நாற்காலி காலி. கோழிகள் எட்டிப் பார்த்துவிட்டு தங்கள் வேலையைப் பார்த்தன.

மாமாவும் வந்தவரும் கூரையைப் பார்த்து, தண்ணீர்க் குழாயைப் பார்த்து, நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் போனிலிருந்து தமிழ் வந்தது.

எம்.பி. எழுந்து நின்றிருந்தார். தலைவர் அவர்களே, எல்லாரும் கப்பலைப் பற்றிப் பேசினார்கள், என் ஊர்ப் பக்கம் கடல் இல்லை, முட்டை இருக்கிறது என்று ஆரம்பித்தார். யாரோ சிரித்தார்கள். கப்பலுக்கு முட்டை வந்து சேர்ந்தால்தானே கப்பல் கிளம்பும் என்றார். அத்தையின் கை நின்றது. மணி அடித்தது, முடியுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். எம்.பி. அந்தப் பக்கம் திரும்பாமல், ஒரே மூச்சில் சொன்னார்.

"ஒரு சகோதரி என்னைச் சாப்பிட விடாமல் கேட்டது இது. பாலுக்கு ரயில் ஓடுகிறது, காருக்கு ரயில் ஓடுகிறது, முட்டைக்கு ஏன் ஓடக் கூடாது?"

மைக் அணைந்தது. அவர் வாய் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அத்தை ட்ரேயைப் பத்திரமாகக் கீழே வைத்தார். ஒரு முட்டைகூட உடையவில்லை. வைத்துவிட்டுத் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் தொற்றிக்கொண்டது. கோழிகள் மிரண்டு ஷெட் முழுக்க ஒரே கூச்சல். முட்டை ரூமில் தூங்கிக்கொண்டிருந்த சின்ன மாமா ஓடிவந்து, கீரிப்பிள்ளை புகுந்துவிட்டதா என்று கம்பைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மாமா முதலில் போனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், ஏதோ நான் போனுக்குள் ஆளை வைத்துப் பேச வைத்த மாதிரி. அப்புறம் இது செல்லாது என்றார். கேள்வி நேரத்தில் கேட்டால்தான் கேள்வி, இது கப்பல் பேச்சு, போகிற போக்கில் சொன்னது என்றார். பரமத்திக்காரருக்குப் பந்தயம் தெரியாது. என்ன விஷயம் என்று கேட்டார். நான் சொன்னேன். சின்ன மாமா கம்போடு சேர்ந்து சொன்னார். கை கழுவுகிற இடத்தில் மாமா சொன்னதை அத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பண்ணை வாங்க வந்தவரைப் பஞ்சாயத்துக்கு உட்கார வைத்துவிட்டோம்.

சபை நடந்துகொண்டிருந்ததா என்று கேட்டார். ஆமாங்க. ஒருத்தர் எழுந்து நின்றாரா? ஆமாங்க. வாயைத் திறந்து கேட்டாரா? இப்போது எல்லாரும் மாமாவைப் பார்த்தோம்.

"கேட்டாருங்க" என்றார் மாமா, வாய்க்குள்ளேயே. உடனே நிமிர்ந்து, ஆனால் பதில்தான் காலையிலேயே வந்துவிட்டதே, திட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, அப்புறம் கேட்டு என்ன ஆகப் போகிறது என்றார்.

அத்தை தீவன மூட்டையிலிருந்து எழவில்லை.

"பதிலுக்கா பந்தயம் கட்டுனீங்க? கேள்விக்குத்தானுங்க கட்டுனீங்க."

மாமா அத்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தோற்றுப்போன ஆளின் பார்வை இல்லை அது. இவளை நாட்டின் பெரிய சபையில் ஒருத்தர் சகோதரி என்று சொல்லிவிட்டாரே என்று திகைத்துப்போய், அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாடுபடுகிற பார்வை. மீசை ஓரம் ஒரு துடிப்பு வந்து வந்து போனது. பரமத்திக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் வேற எடம் பாத்துக்கறனுங்க என்றார், ஏதோ பஸ்ஸில் சீட் விட்டுக் கொடுக்கிற மாதிரி. மாமா அவர் கையைப் பிடித்து, காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க என்றார். சொல்லிவிட்டு அத்தையின் பக்கம் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கம்பெனிக் குஞ்சு எறக்கறது?"

சின்ன மாமா கம்பைக் கீழே போட்டார். கூட்டாளி போன வருத்தம் அவர் முகத்தில் அப்போதுதான் வந்தது, ரொம்பத் தாமதமாக. ஆனால் காப்பி குடிக்கும்போது பார்த்தால், பரமத்திக்காரரிடம், கடைசியில் டர்ன் வந்துருச்சு பாத்தீங்களா, நான் காலையிலேயே சொன்னேன் என்று அளந்துகொண்டிருந்தார். பட்டுப்புடவைச் சித்திக்குப் போன் போனது. அவர் கல்யாண மண்டபத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரிக்குள் அந்தச் செய்தி ராசிபுரம் வரைக்கும் போய், முட்டைக்கு ரயில் வந்துவிட்டது என்று ஆகித் திரும்பி வந்தது. எந்த ஸ்டேஷனில் ஏற்றுகிறார்கள் என்று கேட்டு அத்தைக்கு அழைப்பு மேல் அழைப்பு. அத்தை யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, ரயில் வரவில்லை, கேள்விதான் போயிருக்கிறது என்றார்.

மசோதாவுக்குப் பதில் சொன்ன அமைச்சர் கப்பலைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். நான் கடைசி வரைக்கும் கேட்டேன். முட்டை என்ற சொல் வரவில்லை. மசோதா நிறைவேறியது. உதவியாளர் அண்ணனுக்கு அத்தை மூன்று ட்ரே முட்டை கொடுத்தனுப்பினார். அவர் போன் செய்து, சார் அடுத்த கூட்டத்தொடரில் திரும்பவும் கேட்கிறேன் என்கிறார், தயவுசெய்து எதுவும் பந்தயம் கட்டிவிடாதீர்கள் என்றார்.

இதை நான் பண்ணையில் உட்கார்ந்துதான் டைப் அடிக்கிறேன். குஞ்சுகள் முந்தாநாள் வந்து இறங்கின. மாமா குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பல்புக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீர் டப்பா கழுவிக்கொண்டிருக்கிறார்.